முதல் பக்கத்தில் எழுதியிருந்த கொலையாளி

போன சனிக்கிழமை வரை என் பெருமதிப்புக்கு உரியவராக இருந்த மச்சான் அவர்களுக்கு,

இங்கே என் இடதுபக்கக் கடைவாய்ப் பல்லைத் தவிர அனைவரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்காலும், அக்காவின் ரத்த அழுத்தமும், பேரனின் கணக்குப் பாட மார்க்கும் திருப்திகரமாக இருக்கும் என்று நம்புகிறேன். போன முறை நீங்கள் கேட்டிருந்த மூட்டுவலித் தைலத்தை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை அனுப்புவதா, வேண்டாமா என்பது இந்தக் கடிதத்துக்கு நீங்கள் எழுதும் பதிலைப் பொறுத்தது. போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். கொஞ்சம் சங்கடமான பேச்சு வந்தாலே நீங்கள் "சிக்னல் இல்ல மாப்ளே" என்று வைத்துவிடுகிறீர்கள். மேலும் இது கையெழுத்து சம்பந்தப்பட்ட விவகாரம். ஆகவே எழுத்து மூலமாகவே நடக்கட்டும்.

உங்கள் வாடகை நூல் நிலையத்தை மூடியபோது மிஞ்சிய துப்பறியும் மாத நாவல்களையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடைத்து, "ரெண்டு வாரத்துல வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லி எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனீர்கள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் என் மகள் வளர்ந்து, படித்து, கல்யாணமும் ஆகி எங்கள் தெருவிலேயே தனிக்குடித்தனம் போய்விட்டாள். குடிநீர் வாரிய அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நான் கண்காணிப்பாளராக ரிட்டயர் ஆகிவிட்டேன். ரிட்டயர் ஆன மறுவாரம் உங்கள் தங்கை, அதாவது என் மனைவி, துடைப்பத்துடன் வந்து, "ஒண்ணு இந்தப் பெட்டிங்க வெளிய போகணும், இல்ல நீங்க வெளிய போகணும். ரெண்டு பேரும் வீட்டுல சும்மா இருந்தா நான் எப்படிப் பெருக்கறது?" என்றாள். அப்போதுதான் அந்தப் பெட்டிகளை வெளியே இழுத்துத் தூசி தட்டினேன். என் கெட்ட காலம் அன்று தொடங்கியது.

உள்ளங்கை அகலம், பழுப்புக் காகிதம், முதுகில் துருப்பிடித்த கம்பிப் பின் இரண்டு. அட்டையில் கண்களை அகல விரித்த ஒரு பெண், அவளுக்குப் பின்னால் துப்பாக்கி பிடித்த ஒரு கை, அந்தக் கைக்குச் சொந்தக்காரர் யார் என்று காட்டாத ஒரு திரைச்சீலை. மூலையில் நட்சத்திரத்துக்குள் "முழு நாவல்". இப்படி நூற்றுக்கணக்கில். "திடுக்" மாத இதழ், "குற்றக்கூண்டு" மாத இதழ் என்று வகைவகையாக. பஸ் நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கி, பயணிகளின் மடியில் தூங்கி, கடைசியில் உங்கள் கடைக்கு வந்து சேர்ந்த இவற்றின் வரலாற்றை யாருமே எழுதவில்லையே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு உங்கள் நூல் நிலையத்துக்கு நான் தினமும் வந்துபோனது முழுக்க முழுக்க இலக்கிய ஆர்வத்தால்தான் என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஆர்வம் மறுபடி தலைதூக்கியது. ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தும் ஆசிரியையிடம் போய்ப் பேசினேன். சின்ன வயதுப் பெண். "தொடரா எழுதுங்க சார், நல்லா போகும்" என்றாள். நன்றாகத்தான் போனது. அதுதான் பிரச்சினை.

நான் எப்படி ஆராய்ச்சி செய்தேன் என்பதை இங்கே விளக்கிவிடுகிறேன். நான் ஒரு கோப்பைக் கையாளும் முறை உங்களுக்குத் தெரியும். கோப்பின் முதல் தாளில் சாராம்சம் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கீழே உள்ள தாள்களைப் புரட்டுகிறவன் அலுவலகத்தில் உருப்பட்டதாக எனக்கு நினைவில்லை. என் பணிக்காலம் முழுவதும் அப்படியே செய்தேன், இந்த ஊரில் தண்ணீர் வராமலா போய்விட்டது? உங்கள் புத்தகங்களிலும் அதே வசதி இருந்தது. ஏறக்குறைய ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் மேல் ஓரத்தில் நீலப் பென்சிலால் "கொலையாளி: பல் டாக்டர்", "கொலையாளி: ஆடிட்டர்" என்று தெளிவாக, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. வாடகைப் புத்தகங்களில் எவனாவது ஒரு பொறாமை பிடித்தவன் முடிவை முன்னாலேயே எழுதிவைப்பது வழக்கம்தானே. மற்றவர்களுக்கு அது எரிச்சல், எனக்கு அது சாராம்சம். இத்தனை நாவல்களையும் முழுவதும் படித்துக்கொண்டிருந்தால் வரலாறு எழுத எப்போது நேரம் கிடைக்கும்?

அந்தச் சாராம்சங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. ஆரம்ப காலத்தில் கொலையாளிகள் ஏறக்குறைய அனைவரும் பல் டாக்டர்கள். பிறகு திடீரென்று பல் டாக்டர்கள் மறைந்து, கொலைத்தொழில் முழுவதும் ஆடிட்டர்கள் கைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு குற்றம் குடும்பத்துக்குள் நுழைகிறது. மாதாமாதம் மச்சான்தான் கொலையாளி. கடைசியாகக் குமாஸ்தாக்களின் காலம். தொடர்ந்து பல இதழ்களில் கொலையாளி குமாஸ்தா, குமாஸ்தா, குமாஸ்தா. அத்துடன் சட்டென்று எல்லாம் நின்றுவிடுகிறது. பிந்தைய இதழ்கள் எதிலும் முதல் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனவே அந்தக் காலகட்டத்தைத் "துப்பறியும் இதழ்களின் வீழ்ச்சி" என்று பெயரிட்டு, கதைகளில் கொலையாளிகளே கிடைக்காத அளவுக்குச் சமூகம் சோர்ந்துவிட்டது என்று எழுதினேன். ஒரு கல்லூரிப் பேராசிரியர் இதை "வர்க்கப் பெயர்ச்சிக் கோட்பாடு" என்று பாராட்டித் தம் மாணவர்களுக்கு நடத்தியதாகக் கேள்வி. உங்கள் தங்கை ஒவ்வொரு மாதமும் பத்திரிகை வந்ததும் என் கட்டுரையை முதலில் வாங்கிப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போவாள். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்கும். ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். என் எழுத்தில் உருக்கமும் இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அடி எங்கிருந்து விழுந்தது தெரியுமா? என் பல்லிலிருந்து. கடைவாய்ப் பல் குடைச்சல் தாங்காமல் நம் தெருமுனைப் பல் டாக்டரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சை அடைத்து, விளக்கைக் கண்ணுக்கு நேரே திருப்பிவிட்டு அவர் கேட்டார்: "தொடர் படிக்கறேன் சார். நாங்க உங்களுக்கு என்ன சார் பண்ணினோம்?" பஞ்சுடன் என்னால் கோட்பாட்டை விளக்க முடியவில்லை. "எங்க சங்கத்துல எல்லாரும் ரொம்ப வருத்தமா இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்தார். நான் பஞ்சோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஊரில் இன்னொரு பல் டாக்டர் இருக்கிறார், ஆனால் அவரும் சங்கத்தில் உறுப்பினர்.

அடுத்து வாசகர் கடிதங்கள். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், "'பியானோவுக்குள் பல்' நாவலில் பல் டாக்டர் கொலையாளி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இரண்டாம் அத்தியாயத்திலேயே செத்துவிடுகிறாரே, அந்தப் பல்லே அவருடையதுதானே" என்று எழுதியிருந்தார். தாங்கள் படித்தது பிழையான மறுபதிப்பாக இருக்கலாம் என்று மரியாதையாகப் பதில் போட்டேன். இன்னொரு அம்மாள், "'சலவைக்கு வந்த சட்டை'யில் மச்சான் பாவம், கடைசிவரை வெளிநாட்டில் இருக்கிறார்" என்று எழுதினார். வெளிநாட்டில் இருந்தபடியே கொலை செய்வதுதான் மச்சான்களின் தனித்திறமை என்று பதில் போட்டேன். அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கண்காணிப்பாளராக இருந்தவனுக்குப் புகார்க் கடிதம் என்றால் புகார் கொடுத்தவர்மீதுதான் முதலில் சந்தேகம் வரும்.

பிறகு அந்தப் பெரியவர் போன் செய்தார். "திடுக்" இதழில் ஒரே புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு எழுதிய பல பேரில் இன்று உயிரோடு இருப்பவர் இவர் ஒருவர்தான். குரல் கணீரென்று இருந்தது.

"தம்பி, 'லிஃப்டில் ஒரு செருப்பு' நான் எழுதினது. அதுல ஆடிட்டர் கொலையாளின்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க ஐயா. அருமையான முடிவு."

"அந்தக் கதைல ஆடிட்டரே கிடையாது தம்பி."

"ஐயா, வயசாச்சுன்னா கொஞ்சம் மறதி வர்றது சகஜம்."

"நான் எழுதின கதைய்யா!"

"எழுதினது நீங்கதான், நான் மறுக்கல. ஆனா எங்கிட்ட ஆதாரம் இருக்கு."

 அவர் கோபப்படாமல் அந்தக் காலத்து வேலைமுறையைச் சொன்னார். அட்டைப்படம் முதலில் அச்சாகி வந்துவிடுமாம், கதையை அதற்குப் பிறகுதான் எழுத வேண்டுமாம். ஓவியருக்குப் படிக்கட்டு நன்றாக வரைய வரும் என்பதால் மாதாமாதம் யாராவது ஒருவர் படிக்கட்டில் உருண்டே சாக வேண்டியிருந்ததாம். ஒருமுறை ஓவியர் ஏதோ ஞாபகத்தில் குதிரையை வரைந்துவிட, நகரத்து வங்கிக்குள் குதிரையைக் கொண்டுவர இவர் அரைக் கதையைச் செலவழித்தாராம். அச்சுக்கூடத்தில் காகிதம் இவ்வளவுதான் என்று சொல்லிவிடுவார்களாம். பக்கம் தீரும்போது துப்பறிபவர் எந்த அறையில் இருக்கிறாரோ, அந்த அறையில் நிற்பவன் கைதாக வேண்டியதுதானாம். "அதனால யாரைக் கொலையாளின்னு சொன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன் தம்பி. ஆனா கதையில இருக்கற ஆளா சொல்லுங்க" என்றார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இந்தத் தகவல்களையெல்லாம் அடுத்த கட்டுரையில் அடிக்குறிப்பாகப் போடலாம் என்றுதான் அப்போது தோன்றியது.

போன சனிக்கிழமை ஆசிரியை நேரில் வந்துவிட்டாள். தொடர் புத்தகமாக அச்சாகிக்கொண்டிருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை நூலக அரங்கில் வெளியீட்டு விழா, அந்தப் பெரியவர்தான் தலைமை. "புகார் நிறைய வருது சார், புத்தகங்களை ஒரு தடவை பார்த்துடலாமா?" என்றாள். தாராளமாக என்று பெட்டியைத் திறந்து, 'லிஃப்டில் ஒரு செருப்பு' முதல் பக்கத்தை விரித்து, நீலப் பென்சில் வரியைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு, மச்சான், நான் கனவிலும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"சார், இங்க வாட்ச்மேனைத்தானே கைது பண்றாங்க?"

"அது ஒரு திசைதிருப்பலா இருக்கும்மா."

"கதை முடிஞ்சுடுச்சு சார். கீழ 'முற்றும்'னு போட்டிருக்கு."

அடுத்த புத்தகம். அதற்கடுத்தது. பல் டாக்டர் என்று எழுதியிருந்த இடத்தில் பாட்டு வாத்தியார் மாட்டினார். மச்சான் என்று இருந்த இடத்தில் இறந்துபோனவர் எனப்பட்டவரே உயிரோடு வந்து கைதானார். சில புத்தகங்களில் கடைசித் தாள் மட்டும் திறந்திருந்தது, நடுப் பக்கங்கள் மடித்தது மடித்தபடி ஓரம் வெட்டப்படாமலே ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அவள் தன் சாவியால் கிழித்துப் பார்த்தாள். பெட்டி முழுவதும் தேடியும் ஒன்றுகூடச் சரியாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால்கூட ஒன்றிரண்டு சரியாக வந்திருக்கும். அப்படியானால் முடிவு தெரிந்த ஒருவர், வேண்டுமென்றே, ஒவ்வொன்றிலும் யோசித்துத் தப்பாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சார், நீங்க இதுல எதையாவது படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். அதே கேள்வியை உங்கள் தங்கையும் அப்போது டீ டம்ளர்களை வைத்தபடியே கேட்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக, "ஆராய்ச்சியாளனுக்கும் வாசகனுக்கும் வித்தியாசம் இருக்கிறது" என்று சொன்னேன். வியாழக்கிழமைக்குள் ஒரு விளக்கம் எழுதிக் கொடுக்காவிட்டால் விழாவில் பெரியவரே எழுந்து ஒவ்வொரு கொலையாளியாகக் கேட்பார், தன்னால் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அரங்கத்தில் என் பழைய ஆபீஸ் ஆட்கள் மொத்தமும் இருப்பார்கள் மச்சான். நான்தான் எல்லோருக்கும் அழைப்பிதழ் கொடுத்தேன். கீழ்த்தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் என்று அவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்க நேர்ந்தால் அதன் பிறகு நான் தெருவில் நடக்க முடியாது.

எனவே அன்று மாலையே விசாரணையைத் தொடங்கினேன். இந்த வகைக் கதைகளின் கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைப்பார் என்று பொதுவாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதன்படி மகளையும் மாப்பிள்ளையையும் வரவழைத்து சோபாவில் உட்காரவைத்தேன். உங்கள் தங்கை காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி ஒவ்வொரு தடயமாகச் சொன்னேன். நடுவில் மாப்பிள்ளை தூங்கிவிட்டார். அவருக்கு ஷிப்ட் வேலை, அதைச் சந்தேகத்துக்கு இடமான நடத்தையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நின்று, திரும்பி, "குற்றவாளி இந்த அறையில் இல்லை!" என்றேன்.

"அப்படியா?" என்றாள் உங்கள் தங்கை, தலையணை உறையை உதறியபடி. "யாருங்க?"

"உன் அண்ணன்."

அவள் சற்றுநேரம் என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள். அடுத்த உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்லும்போதுகூட ஒரு வார்த்தை மறுக்கவில்லை பாருங்கள், மச்சான். உண்மை அவளுக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கிறது.

தடயங்களைக் கேளுங்கள். ஒன்று, நீலப் பென்சில். அது உங்கள் குடும்பப் பழக்கம். உங்கள் தங்கைகூட இன்றுவரை காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் நீலப் பென்சிலால்தான் குறித்துவைக்கிறாள். உங்களிடமிருந்துதான் அவளுக்கு அது தொற்றியிருக்க வேண்டும். அடுத்து, உங்கள் கடையில் வாடிக்கையாளர்கள் அடிக்கடி உங்களோடு சண்டை போட்டது. தபால்காரர் ஒருவர் புத்தகத்தை உங்கள் மேஜைமேல் எறிந்துவிட்டு, "முழு ராத்திரியும் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டுட்டு உக்காந்திருந்தேன்யா" என்று கத்தியதை நானே பார்த்திருக்கிறேன். "எவனோ எழுதிவெக்கறான், நான் என்ன பண்ண" என்று நீங்கள் அப்போது சொன்னீர்கள். எல்லாக் குற்றவாளிகளும் அதைத்தான் சொல்வார்கள். மூன்றாவதாக, நோக்கம். எல்லாக் கதையிலும் அது வேண்டுமாமே. முடிவு தெரிந்தது என்ற தைரியத்தில் ஒருவன் படிக்கத் தொடங்கி, கடைசியில் ஏமாந்து, அந்த வேகத்திலேயே அடுத்த புத்தகத்தை வாடகைக்கு எடுப்பான். வியாபாரத்துக்காக ஒரு தலைமுறையையே வழிகெடுத்துவிட்டீர்கள். அதில் கடைசியாக விழுந்தவன் உங்கள் சொந்தத் தங்கையின் புருஷன்.

நடந்தது நடந்துவிட்டது. உங்கள் வயதுக்கு உங்களைச் சிறைக்கு அனுப்பும் எண்ணம் எனக்கில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கீழ்க்கண்ட வாசகத்தை உங்கள் கைப்படப் பிரதி எடுத்து, கையெழுத்திட்டு, வியாழனுக்குள் கூரியரில் அனுப்பிவிடுங்கள். "முன்னாள் வாடகை நூல் நிலைய உரிமையாளராகிய நான், பிற்காலத்தில் என் தங்கையின் கணவர் ஒரு பெரும் ஆராய்ச்சியாளராக வருவார் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அதைத் தடுக்கும் தீய நோக்கத்துடன், என் கடையிலிருந்த அனைத்து நாவல்களின் முதல் பக்கத்திலும் பொய்யான கொலையாளிகளை நீலப் பென்சிலால் எழுதிவைத்தேன் என்றும், இதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்றும், அவர் ஒவ்வொரு நாவலையும் நுணுக்கமாகப் படித்தவர் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை ஆசிரியை கேட்கவில்லைதான், இருந்தாலும் இருக்கட்டும்.

நீங்கள் இதைச் செய்தால் நான் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன், தைலமும் வரும். செய்யாவிட்டால் இனி குடும்ப விசேஷங்களில் நீங்கள் இருக்கும் வரிசையில் நான் சாப்பிட உட்கார மாட்டேன். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் விரைவில் குணமடையவும், அதற்கு முன்னால் உங்கள் மனசாட்சி விழித்துக்கொள்ளவும் பிரார்த்திக்கும்,

தங்கள் அன்புள்ள,
(அன்பு வியாழக்கிழமை வரை)
மாப்பிள்ளை.

பி.கு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், உங்கள் தங்கை விடவில்லை. "அப்படியே அனுப்புங்க, அண்ணனும் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்கிறாள்.

நடந்தது இதுதான். உறை கேட்டு அவளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். கீழ்த்தாள் உட்பட. பிறகு என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணனை ஏன் இழுக்கறீங்க? எழுதினது நான்."

நான் நம்பவில்லை. காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து புத்தகத்தின் பக்கத்தில் வைத்தாள். அதே எழுத்து.

"நீ ஏன் எழுதினே?"

"சாயங்காலம் அண்ணன் சாப்பிடப் போறப்போ நான்தானே கடையில உக்காந்திருப்பேன்? தினமும் வருவீங்க. ரெண்டு புத்தகம் எடுப்பீங்க. மறுநாள் திருப்பிக் குடுத்துட்டு 'நல்லா இருந்தது'ன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. அதுக்கு மேல வாயைத் திறந்தாத்தானே? கொலையாளியை மாத்தி எழுதி வெச்சா, படிச்சு முடிச்சதும் கோபமா வந்து 'என்னங்க இது, தப்பா இருக்கே'ன்னு கேப்பீங்க, அப்படியே பேச்சு வளரும்னு நெனச்சேன். நீங்க என்னன்னா எல்லாத்துக்கும் 'நல்லா இருந்தது'ங்கறீங்க. யார் யாரோ வந்து அண்ணன்கிட்ட சண்டை போட்டாங்க. நீங்க மட்டும் வரல."

"அப்போ பல் டாக்டர்?"

"அந்த வருஷம் எனக்குப் பல் வலி."

"ஆடிட்டர்?"

"அண்ணன் எனக்கு ஒரு ஆடிட்டரைப் பார்த்தார். ஞாபகம் இல்லையா உங்களுக்கு? ஊரே பேசிச்சு."

"அதுக்கப்புறம் மச்சான்னு வருதே?"

"அந்த ஆடிட்டருக்கே கட்டி வெப்பேன்னு அண்ணன் ஒத்தைக்கால்ல நின்னார். அவர் பேரைப் போட முடியுமா? அதான் மச்சான்னு போட்டேன். உங்களுக்கு அவர் மச்சான் ஆகட்டும்னு ஒரு ஆசைதான்."

குமாஸ்தா யார் என்று நான் கேட்கவில்லை. அவளே சொல்லிவிட்டாள். ஒருநாள் நான் திருப்பிக் கொடுத்த இரண்டு புத்தகங்களிலும் பக்கங்கள் வெட்டப்படாமல் அப்படியே ஒட்டியிருந்தனவாம். நான் புத்தகத்துக்காக வரவில்லை என்பது அன்றுதான் அவளுக்குப் புரிந்ததாம். அதிலிருந்து எல்லாவற்றிலும் குமாஸ்தாதானாம். கல்யாணம் ஆனதும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் நான் வீழ்ச்சி என்று நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன்.

"இத்தனை மாசம் தொடர் வந்துதே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"மாசாமாசம் என்னைப் பத்தி எழுதறீங்க. நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரல" என்றாள்.

மச்சான், இந்த வயதில் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, ரொம்ப சந்தோஷமாகவும் இருக்கிறது. இலக்கிய ஆர்வம் என்று மேலே ஓரிடத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தைலம் இன்றே பார்சலில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் நானே எழுந்து, நான் ஒன்றையும் படிக்கவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன். ஏன் படிக்கவில்லை என்று பெரியவர் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. உங்கள் தங்கை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாளாம். நான் கடைக்கு யாருக்காக வந்தேன் என்பதைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன் என்று இப்போதே மிரட்டுகிறாள். சொல்லத்தான் போகிறேன்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கச் சொல்லி உத்தரவு. காய் நறுக்கும் கத்தியால் பக்கங்களை வெட்டிக்கொண்டு 'சலவைக்கு வந்த சட்டை'யில் பாதி வந்துவிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து, "யாரு பண்ணியிருப்பான்னு நெனக்கிறீங்க?" என்று அத்தியாயத்துக்கு ஒருமுறை கேட்கிறாள். நான் சலவைக்காரர்மேல் சந்தேகமாக இருக்கிறேன். உங்களுக்கு முடிவு தெரிந்திருந்தால், மச்சான், தயவுசெய்து பதிலில் எழுதிவிடாதீர்கள்.